புத்தளக் கரையும் தொடர்பாடல் வழிகளும்: அகலப்பட்டை இணையத்தின் பரம்பலை வரலாற்றில் வைத்து நோக்குதல்

1

இலங்கையின் தொலைத்தொடர்பு வளர்ச்சியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் எண்களிலிருந்தே தொடங்குவர். நாட்டின் சனத்தொகையைவிடக் கையடக்கத் தொலைபேசி இணைப்புகளின் தொகை கூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அலைக்கோபுரங்கள் எட்டாத நிலப்பரப்பும் சுருங்கிவருகின்றது. இவ்வெண்களைக் காட்டி, சிறியதொரு தீவின் பொருளாதாரம் அறிவுப் பொருளாதாரமாக மாறிவருகின்றது எனக் கூறுவது அரச அறிக்கைகளிலும் கம்பனிகளின் ஆண்டறிக்கைகளிலும் வழக்காகிவிட்டது. அவ்வெண்கள் பொய்யானவை என்பது எமது வாதமன்று. இணைப்புகள் எத்தனை என்று கூறும் எண், அவ்விணைப்பு யாருடைய தேவைக்காக, யாருடைய செலவில், எவ்வகையான சமூக உறவுகளினூடே வந்து சேர்ந்தது என்பதைக் கூறுவதில்லை. அதனைக் கூறவேண்டியது வரலாறாகும்.

இக்கட்டுரையிலே நாம் புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தை எடுத்துக்கொள்கின்றோம். தெற்கே வென்னப்புவையிலிருந்து மாரவில, இரணவில, சிலாபம், உடப்பு, முந்தல் வழியாகப் புத்தளக் களப்பைச் சுற்றி, கற்பிட்டித் தீபகற்பத்தையும் அதன் வடக்கே சிதறிக் கிடக்கும் பத்தலங்குண்டு முதலிய தீவுகளையும் எட்டும் கரை இது. தமிழும் சிங்களமும் வழங்கும் கரை. முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் இந்துக்களும் பௌத்தரும் அடுத்தடுத்து வாழும் கரை. இலங்கைத் தமிழாராய்ச்சியிலே யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் பெற்ற கவனத்தை இக்கரை பெற்றதில்லை. ஆயினும் தொடர்பாடல் வழிகளின் வரலாற்றை ஆராய்வதற்கு இதனைவிடப் பொருத்தமான களம் கிடைத்தல் அரிது. கால்வாய், புகையிரதம், வானொலி, மின்வலு எனப் பல்வேறு காலத்து வழிகள் இக்கரையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன. அவ்வரிசையில் இறுதியாக வந்து சேர்ந்ததே அகலப்பட்டை இணையம். முன்னவற்றின் இயல்பை அறியாது பின்னதன் இயல்பை அறிதல் இயலாது.

2

1344 ஆம் ஆண்டளவில் இலங்கையை அடைந்த மொரோக்கோப் பயணி இபுனு பத்தூத்தா, தாம் கரையிறங்கிய இடத்தைப் பத்தாலா எனக் குறிப்பிடுகின்றார். அது புத்தளமே என்பது பெரும்பாலான ஆய்வாளர் கொள்கை. கறுவா மரங்கள் கரையோரத்திற் குவிந்து கிடந்ததை அவர் வியந்து எழுதியுள்ளார். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியையும் அவர் சந்தித்தார். அக்காலத்திலே இக்கரை இந்துசமுத்திர வணிக வலையின் ஒரு கண்ணியாக விளங்கிற்று. செய்தியும் சரக்கும் ஒரே தோணியில் வந்தன. சரக்கைக் கையாண்டவர்களே செய்தியையும் கையாண்டனர்.

ஐரோப்பியர் வருகையோடு இந்நிலை மாறிற்று. கற்பிட்டியில் ஒல்லாந்தர் 1667 இல் தொடங்கி 1676 இல் முடித்த கோட்டை, களப்பின் வாயிலைக் காவல் செய்யும் நோக்குடையது. கண்டி இராச்சியத்துக்குச் செல்லும் உப்பையும் அங்கிருந்து வெளிவரும் பாக்கையும் கட்டுப்படுத்துவதற்கு அக்களப்பே திறவுகோலாக இருந்தது. 1766 ஆம் ஆண்டு உடன்படிக்கையின் மூலம் தீவின் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் கைக்குச் சென்றபின், கண்டி கடலிலிருந்து முற்றாகப் பிரிக்கப்பட்டது. புத்தளத்தையும் நீர்கொழும்பையும் கொழும்பையும் இணைத்த கால்வாய் வழி இன்றும் ‘ஒல்லாந்தர் கால்வாய்’ என்றே வழங்கப்படுகின்றது. கரையின் விளைபொருள் கொழும்புத் துறைக்குச் செல்லும் வழியாக அது அமைந்தது. தோணி ஓட்டியவர் கரையோர மக்களே. போக்குவரத்தின் திசையை நிர்ணயித்தவர் அவர்களல்லர்.

இவ்விடத்திலே கற்பிட்டி பெற்றெடுத்த அறிஞர் ஒருவரைக் குறிப்பிடல் பொருத்தமாகும். சைமன் காசிச்செட்டி 1807 இல் கற்பிட்டியிலே பிறந்தவர். புத்தளத்தில் மணியகாரராகவும், பின்னர் சட்டநிரூபண சபையின் தமிழ்ப் பிரதிநிதியாகவும் விளங்கியவர். 1834 இல் வெளிவந்த அவருடைய இலங்கை விபரக்கொத்தும், 1859 இல் யாழ்ப்பாணத்தில் அச்சாகிய ‘தமிழ் புளூட்டாக்’ என்ற புலவர் வரலாற்று நூலும் எமது இலக்கிய வரலாற்றெழுத்தின் தொடக்க நூல்களுள் வைத்து எண்ணத்தக்கவை. இரண்டுமே ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை என்பது மனங்கொள்ளத்தக்கது. கரையோரத்து அறிஞன் ஒருவன் தன் மக்களைப் பற்றிய அறிவைத் திரட்டி ஆட்சியாளர் மொழியிலே வழங்கினான். அறிவும்கூட அக்கால்வாய் சென்ற திசையிலேயே சென்றது. தனிமனிதரின் குறையாக இதனைக் கொள்ளலாகாது; காலனித்துவ ஆட்சியிலே தொடர்பாடல் பெற்றிருந்த அமைப்பு அத்தகையது.

‘தமிழ் புளூட்டாக்’ வெளிவருவதற்கு முந்திய ஆண்டிலே, அதாவது 1858 இல், இலங்கையின் முதலாவது தந்திக் கம்பி கொழும்புக்கும் காலிக்கும் இடையே இயங்கத் தொடங்கிற்று. அடுத்து மன்னார் வழியாகக் கடலைக் கடந்து இந்தியத் தந்தி வலையமைப்போடு இணைப்பு ஏற்பட்டது. முந்திய ஆண்டிலே இந்தியாவில் மூண்ட பெருங்கிளர்ச்சியின் அனுபவம் பிரித்தானியருக்குத் தந்தியின் ஆட்சிப் பயனைத் தெளிவாக உணர்த்தியிருந்தது. தோட்டத்துரைமாருக்கும் வங்கிகளுக்கும் கப்பற் கம்பனிகளுக்கும் அதன் வணிகப் பயன் தெளிவாக இருந்தது. புத்தளக் கரையின் உப்பளத் தொழிலாளிக்கும் மீனவனுக்கும் தந்தி என்பது, மரணச் செய்தி வரும்போது மட்டுமே கதவைத் தட்டும் பொருளாக நெடுங்காலம் இருந்துவந்தது. உப்பு அரசின் தனியுரிமையாக இருந்தமையும் இதனோடு சேர்த்து நோக்கற்பாலது.

1926 இல் புகையிரதப் பாதை புத்தளத்தை எட்டியது. தென்னைச் செல்வம் அதன்வழி கொழும்புக்குச் சென்றது. பின்னர் அப்பாதை அறுவக்காட்டுச் சுண்ணாம்புக்கல் அகழ்விடம் வரை நீண்டது. சீமெந்துத் தொழிற்சாலைக்கு வேண்டிய கல் அதில் ஏறிற்று. அண்மைக்காலத்திலே கொழும்பு மாநகரின் குப்பையை அதே அறுவக்காட்டுக்குக் கொணர்ந்து நிரப்பும் திட்டம் முன்வைக்கப்பட்டபோது, 2018 இலும் 2019 இலும் புத்தளத்து மக்கள் வீதிக்கு இறங்கினர். பாதையின் ஒரு திசையிலே கரையின் வளம் செல்கின்றது. மறு திசையிலே தலைநகரின் கழிவு வருகின்றது. மையத்துக்கும் விளிம்புக்குமுள்ள உறவை இதனைவிடத் தெளிவாக விளக்கும் உதாரணத்தை நாம் தேடவேண்டியதில்லை.

3

நிலத்தையும் நீரையும் போலவே இக்கரையின் வான்வெளியும் பயன்படுத்தப்பட்டது. ‘அமெரிக்காவின் குரல்’ வானொலி 1951 ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி இலங்கையிலிருந்து தன் நிகழ்ச்சிகளை அஞ்சல் செய்துவந்தது. 1980களிலே ஜே.ஆர். ஜயவர்த்தனாவின் அரசு அதற்கு மிகப் பெரியதொரு நிலையத்தை அமைக்க இடமளித்தது. தெரிந்தெடுக்கப்பட்ட இடம் சிலாபத்துக்குத் தெற்கேயுள்ள இரணவில என்னும் மீனவக் கிராமம். அயலரசுகள் இதனை ஐயத்தோடு நோக்கின. 1987 யூலை 29 இல் கைச்சாத்தான இந்திய – இலங்கை உடன்பாட்டோடு பரிமாறப்பட்ட கடிதங்களிலே, வெளிநாட்டு ஒலிபரப்பு நிறுவனங்களுடனான ஒப்பந்தங்கள் மீளாய்வு செய்யப்படும் எனவும், அந்நிலையங்கள் இராணுவ, உளவு நோக்கங்களுக்குப் பயன்படமாட்டா எனவும் குறிப்பிடப்பட்டமை இதன் விளைவேயாகும்.

அரசுகளின் கவலை இவ்வாறிருக்க, மீனவரின் கவலை வேறாக இருந்தது. நிலம் போய்விடும், கரைக்குச் செல்லும் வழி அடைபடும், கதிர்வீச்சினால் உடல்நலம் கெடும் என்ற அச்சத்தினால் அவர்களும் கத்தோலிக்க குருமாரும் 1990களிலே எதிர்ப்பியக்கம் நடத்தினர். எனினும் நிலையம் எழுந்தது. சிற்றலை வானொலியின் காலம் மங்கியபின், 2016 இல் அது ஒலிபரப்பை நிறுத்திற்று. இக்கரையிலிருந்து ஆசியாவின் பல மூலைகளுக்கும் குரல் சென்ற அக்காலத்திலே, அந்நிலையத்தின் வேலிக்கு வெளியே வாழ்ந்தவர்களுக்குத் தம் வீட்டிலிருந்து பேசத் தொலைபேசி கிடைப்பது அரிதாக இருந்தது. 1990களின் தொடக்கத்தில் இலங்கையில் நூறு பேருக்கு ஒரு தொலைபேசிதானும் இருக்கவில்லை என்பதை நினைவிற் கொள்வோமாயின் இம்முரண்பாட்டின் அளவு விளங்கும்.

நுரைச்சோலை அனல்மின் நிலையத்தையும் இவ்வரிசையிலே வைத்து நோக்கலாம். சீனக் கடனுதவியுடன் அமைந்த அதன் முதற்பகுதி 2011 இல் இயங்கத் தொடங்கிற்று. 2014 இல் மூன்று பகுதிகளும் சேர்ந்து 900 மெகாவோட் வலுவுடையதாயிற்று. தீவின் மின்தேவையில் பெரும்பங்கை அது நிறைவு செய்கின்றது. உயரழுத்தக் கம்பிகள் தெற்கு நோக்கிச் செல்கின்றன. நிலக்கரித் தூசும் சாம்பலும் கற்பிட்டித் தீபகற்பத்திலே தங்கிவிடுகின்றன.

இவ்வாறு கால்வாயிலிருந்து மின்கம்பி வரை ஒரு பொதுப்பண்பு புலப்படுகின்றது. வழிகள் இக்கரையினூடாகச் சென்றன; இக்கரைக்கென வந்தவை அல்ல. இப்பண்பை மனத்திற் கொண்டே இணையத்தை நாம் அணுகவேண்டும்.

4

1980 இலே தபாற் சேவையிலிருந்து தொலைத்தொடர்புகள் திணைக்களம் பிரிக்கப்பட்டது. 1977 இன் பின் வந்த திறந்த பொருளாதாரக் கொள்கையின் தருக்கம் இத்துறையிலும் படிப்படியாகச் செயற்பட்டது. 1989 இல் செல்டெல் நிறுவனம் தென்னாசியாவின் முதலாவது கையடக்கத் தொலைபேசிச் சேவையைத் தொடங்கிற்று. 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கச் சட்டம் திணைக்களத்தைக் கூட்டுத்தாபனமாக்கிற்று. 1996 இல் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு தோன்றிற்று. 1997 இல் ஸ்ரீ லங்கா டெலிகொம் நிறுவனத்தின் 35 வீதப் பங்கு ஜப்பானிய நிறுவனமான என்.ரி.ரி.க்கு விற்கப்பட்டது. 2003 இல் சர்வதேச அழைப்புகளின் தனியுரிமை நீக்கப்பட்டது. 2006 இல் டயலொக் நிறுவனம் மூன்றாந் தலைமுறைச் சேவையையும், அதன்பின் ஏழாண்டு கழிவதற்குள் நிறுவனங்கள் நான்காந் தலைமுறைச் சேவையையும் அறிமுகம் செய்தன.

இம்மாற்றங்களை வெறும் தனியார்மயச் சூழ்ச்சி என ஒதுக்கிவிடுதல் எம்போன்றோரிடையே சிலர் செய்த தவறாகும். அரச திணைக்களத்தின் காலத்திலே சாதாரண மனிதன் ஆண்டுக்கணக்காகத் தொலைபேசிக்குக் காத்திருந்தான். அமைச்சரின் கடிதமுடையவன் முந்திக்கொண்டான். அது பொதுவுடைமையன்று, அதிகார வர்க்கத்தின் சலுகை முறையேயாகும். முற்கொடுப்பனவு அட்டை அம்முறையை உடைத்தது. நூறு ரூபா கொடுத்து அட்டை வாங்கிச் சுரண்டக்கூடியவன் எவனும் யாருடைய சிபாரிசும் இன்றித் தொடர்பைப் பெற்றான். முதலாளித்துவம் பழைய சலுகைகளைத் தகர்க்கும் முற்போக்குப் பாத்திரத்தை வகிக்கும் கணங்கள் உள என்பது மார்க்சியத்தின் அரிச்சுவடிப் பாடம். அதே அரிச்சுவடியின் அடுத்த வரி, அது தகர்த்த இடத்தில் பணத்தையே புதிய சலுகையாக நிறுவும் என்பது.

பணம் எங்கே செல்லும் என்பதை இத்துறையின் இயல்பே காட்டுகின்றது. நாட்டின் இணையம் கடலடி வடங்களின் வழியே வருகின்றது. 2005 இல் நிறைவுற்ற நான்காவது தென்கிழக்காசிய – மத்தியகிழக்கு – மேற்கைரோப்பிய வடம் கொழும்பை அடைந்தது. அவ்வரிசையின் ஐந்தாவது வடம் மாத்தறையைத் தொட்டது. 2006 இல் தூத்துக்குடிக்கும் கல்கிசைக்கும் இடையே இடப்பட்ட பாரத் – லங்கா வடம் மன்னார் வளைகுடாவைக் கடந்து செல்கின்றது. பண்டு புத்தளத்துத் தோணிகள் சென்ற கடல் அது. வடங்கள் கரையேறிய இடத்திலிருந்து ஒளியிழைகள் நகரங்களுக்கும் நெடுஞ்சாலையோரங்களுக்கும் விரைந்தன. தீவுகளுக்கும் களப்போரக் கிராமங்களுக்கும் எட்டுவது கோபுரத்தின் அலை மட்டுமே. ஒரு கோபுரம் அமைக்கும் செலவு சனம் நெருங்கிய ஊரிலும் ஐதான ஊரிலும் ஏறத்தாழ ஒன்றே, வருவாய் ஒன்றன்று. பருவத்துக்கு வந்து பருவத்துக்குச் செல்லும் மீனவர் வாடிகளைக் கொண்ட தீவொன்று எந்தக் கம்பனியின் கணக்கிலும் முன்வரிசைக்கு வருவதில்லை. 2025 இல் செய்மதி வழி இணையச் சேவை இலங்கையிலே தொடங்கப்பட்டபோது இத்தூரச் சிக்கல் தொழில்நுட்பரீதியாகத் தீர்ந்தது. கருவியின் விலையும் மாதக் கட்டணமும் நாட்கூலிக்குக் கடலுக்குப் போகின்றவனின் கைக்கு எட்டுவனவாக இல்லை. தூரத்தின் தடை நீங்க, வர்க்கத்தின் தடை வெளிப்படையாயிற்று.

சந்தை செல்லாத இடத்துக்கு அரசு செல்லவேண்டும் என்ற கொள்கை ஏட்டளவில் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகள்மீது கிராமியத் தொலைத்தொடர்பு வளர்ச்சிக்கென 2003 இலிருந்து ஒரு கட்டணம் அறவிடப்பட்டது. அவ்வழைப்புகளிற் பெரும்பகுதியை எடுத்தவர்கள் யார்? மத்தியகிழக்கில் வீட்டுப் பணிப்பெண்களாக உழைத்தவர்களும், வென்னப்புவையிலிருந்தும் சிலாபத்திலிருந்தும் இத்தாலிக்குச் சென்று கூலிவேலை செய்தவர்களும், அவர்களைப் போன்ற ஏனையோருமே. கிராமத்துக்குத் தொடர்பைக் கொண்டுசெல்லும் செலவைக் கிராமத்திலிருந்து வெளியேறியவரின் உழைப்பே சுமந்தது. 2003 இல் அமைந்த தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம், உலக வங்கியின் கடனைக் கொண்டு, அறிவுக்கூடம் எனப் பொருள்படும் ‘நெனசல’ நிலையங்களை ஊர்தோறும் நிறுவிற்று. கணினியை முதன்முதலிலே தொட்டுப் பார்க்கும் வாய்ப்பைப் பல பிள்ளைகளுக்கு அவை வழங்கின என்பதை மறுத்தலாகாது. ஆயின் கோயிலின் அல்லது சங்கத்தின் பொறுப்பில் விடப்பட்ட அறையிலே, திட்டத்தின் காசு தீர்ந்தபின் மின்கட்டணத்தை யார் செலுத்துவது என்ற வினாவுக்கு நிலையான விடை காணப்படவில்லை.

5

இனி, இணைப்பு கைக்கு வந்தபின் கரையோர மக்கள் அதனைக் கொண்டு என்ன செய்தனர் என்பதை நோக்குவோம்.

1990 ஒக்ரோபர் இறுதியிலே, தமிழீழ விடுதலைப் புலிகளால் வட மாகாணத்து முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர் தம் பிறந்த மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு வழங்கப்பட்ட அவகாசம் சில மணித்தியாலங்களே. தமிழ்பேசும் மக்களின் அண்மைக்கால வரலாற்றிலே நாம் தலைகுனிந்து நினைக்கவேண்டிய நிகழ்ச்சி இது. அம்மக்களிற் பெரும்பகுதியினர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் தென்னோலைக் குடிசைகளில் அகதி வாழ்வைத் தொடங்கினர். ஊர் பிரிந்தது, உறவு தீவெங்கும் சிதறிற்று. அக்காலத்திலே கடைத்தெருக்களில் ‘கொமியூனிகேஷன்’ என்ற பெயர்ப்பலகையோடு தோன்றிய தொலைபேசிக் கடைகளே தொடர்பின் நிலையங்களாயின. நிமிடக் கணக்குக்குக் காசு கொடுத்து, வரிசையில் நின்று, பலர் கேட்கப் பேசவேண்டியிருந்தது. கையடக்கத் தொலைபேசியும் பின்னர் இணையமும் அவ்வரிசையை ஒழித்தன. சவூதியிலுள்ள தாயின் முகத்தை ஆலங்குடாவிலுள்ள பிள்ளை திரையிலே காண்கின்றது. இதனை ‘நுகர்வு’ என்று மட்டும் கூறி அமைதல் மனிதத் துயரத்தை அறியாதவரின் பேச்சாகும். சிதறடிக்கப்பட்டவர்கள் தம்மை மீண்டும் ஒரு சமூகமாகத் தொடுத்துக்கொள்ளும் நாராக இணைப்பு பயன்பட்டது.

அடுத்து உற்பத்தித் துறையை நோக்குவோம். உடப்பிலே கரைவலை இழுப்போர் பாடிய அம்பாப் பாடல்களை நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் திரட்டியுள்ளனர். பல கைகளை ஒரே கணத்தில் ஒரே விசையாக்குவதே அம்பாவின் தொழில். அவ்வகையிலே அது பாடலாவதற்கு முன் ஒரு தொடர்பாடற் கருவி. உழைப்பை ஒருங்கிணைக்கும் கருவி. தொழில்நுட்பம் மாறும்போது உழைப்பின் ஒருங்கிணைப்பும் மாறும். இன்று கடலில் நிற்கும் வள்ளத்துக்கும் கரையிலுள்ள வாடிக்கும் இடையே, மீன்பாடும் விலையும் காற்றின் நிலையும் கைபேசி வழியே செல்கின்றன.

இதனால் மீனவனின் வாழ்வு உயர்ந்ததா? இவ்வினாவுக்கு ஆதரவான விடையாக உலகெங்கும் காட்டப்படுவது கேரளத்தைப் பற்றிய ஓர் ஆய்வு. ரொபேட் ஜென்சன் என்ற பொருளியலாளர் 2007 இல் வெளியிட்ட அவ்வாய்வு, 1997 முதல் 2001 வரை வடகேரளக் கரையிலே கைபேசி பரவியபோது சந்தைக்குச் சந்தை மத்தி மீனின் விலை வேறுபாடு குறைந்தது எனவும், விற்காது வீசப்படும் மீன் இல்லாதொழிந்தது எனவும், மீனவரின் இலாபம் சராசரி 8 வீதம் உயர, நுகர்வோர் கொடுத்த விலை 4 வீதம் தாழ்ந்தது எனவும் கண்டது. பயனுள்ள ஆய்வு என்பதில் ஐயமில்லை. ஆயின் அம்முடிபு ஒரு முன்நிபந்தனையின்மேல் நிற்கின்றது: விலை கூடிய துறையை அறிந்தவன் தன் வள்ளத்தை அங்கே திருப்பும் சுதந்திரம் உடையவனாக இருத்தல் வேண்டும். பின்வந்த ஆய்வாளர் சிலரும், கரையிலே நிலவும் கடனுறவுகளைக் கருத்திற் கொள்ளாது அம்முடிபை எல்லாக் கரைகளுக்கும் பொதுவாக்குதல் ஆகாதென உணர்த்தியுள்ளனர்.

புத்தளக் கரையிலே வள்ளமும் வலையும் இயந்திரமும் பெரும்பாலும் சம்மாட்டியின் அல்லது மீன் முதலாளியின் முற்பணத்தோடு பிணைந்தவை. கடன் பெற்றவன் கடன் கொடுத்தவனுக்கே மீனை விற்கவேண்டும். விலையைச் சொல்பவனும் அவனே. இத்தகைய உறவிலே, பேலியகொடை மொத்தச் சந்தையில் இன்றைய விலை என்னவென்று மீனவன் கைபேசியில் அறிவதனால் விளைவது ஒன்றே: தான் எவ்வளவு இழக்கின்றான் என்பதை முன்னையிலும் துல்லியமாக அறிகின்றான். அறிவு பயனற்றதென்று இதற்குப் பொருளன்று. சுரண்டலின் அளவை அறிதல் அதனை எதிர்ப்பதற்கு முதற்படி. ஆயின் அறிவுக்கும் விடுதலைக்கும் இடையே கடன் என்ற கடல் கிடக்கின்றது. அதனைக் கடக்கும் தோணி கூட்டுறவேயன்றிக் கோபுரமன்று.

6

இணைப்பின் மறுபக்கம் 2019 மே மாதத்திலே வெளிப்பட்டது. உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் நிகழ்ந்த குண்டுவெடிப்புகளின் துயரம் ஆறாத நாட்கள். மே 12 அன்று சிலாபத்திலே, முகநூலில் சிங்களத்தில் எழுதப்பட்ட ஒரு பதிவுக்கு முஸ்லிம் வணிகர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய சிறு மறுமொழி மிரட்டலாக விளங்கிக்கொள்ளப்பட்டது. இன்று சிரிப்பவர் நாளை அழவேண்டி வரலாம் என்ற கருத்துடைய அவ்வாசகத்தைச் சுற்றிக் கூட்டம் திரண்டது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. மறுநாள் வன்முறை குருநாகல், கம்பஹா மாவட்டங்களையும் பற்றிற்று. புத்தளம் மாவட்டத்துக் கொட்டாரமுல்லையிலே ஒருவர் தம் வீட்டிலேயே வெட்டுண்டு இறந்தார். அரசு சமூக ஊடகங்களை முடக்கிற்று.

இந்நிகழ்ச்சியை இணையத்தின் தீங்கு எனச் சுருக்குதல் எளிது. ஆயின் 1915 இலும் 1983 இலும் வன்முறை பரவுவதற்கு இணையம் வேண்டியிருக்கவில்லை என்பதை நாம் மறக்கலாகாது. இங்கே ஆராயவேண்டியது வேறு. மூன்று மொழிகள் வழங்கும் கரையிலே, அயலவர் ஒருவர் தம் மொழியை விட்டு ஆங்கிலத்தில் மற்றவரை எட்டமுயல, அம்முயற்சியே கொலைக்குக் காரணமாக்கப்பட்டது. 1956 இன் மொழிச் சட்டத்தின்பின் வந்த தலைமுறைகளுக்கு இருமொழிக் கல்வியை மறுத்த கொள்கையின் விளைவு அத்திரையிலே தெரிந்தது. கம்பி இருவரையும் இணைத்தது, மொழி இணைக்கவில்லை.

அரசின் மறுமொழியும் கவனத்துக்குரியது. வழியைத் திறப்பவன் தானே என்பதால் மூடுபவனும் தானே என அது கருதிற்று. 2022 ஏப்ரல் 3 அன்று, பொருளாதார நெருக்கடிக்கு எதிராக மக்கள் கிளர்ந்தபோது, அதே கருவி மீண்டும் கையாளப்பட்டது. எதிர்ப்பு வலுத்தமையால் ஒரு நாள் கழியுமுன் அத்தடை நீங்கிற்று. 2024 இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நிறைவேறிற்று. 2019 இல் கொட்டாரமுல்லையைக் காக்கத் தவறிய அரசு, பேச்சைக் காவல் செய்யும் அதிகாரத்தை மட்டும் தனக்கு வழங்கிக்கொண்டது.

பெருந்தொற்றுக் காலமும் ஒரு பாடத்தை விட்டுச்சென்றது. 2020 மார்ச்சிலிருந்து பாடசாலைகள் நெடுங்காலம் மூடப்பட்டு, கல்வி கைபேசித் திரைக்கு மாற்றப்பட்டபோது, கணினியோ மடிக்கணினியோ உடைய குடும்பங்கள் இலங்கையில் நான்கில் ஒன்றுக்கும் குறைவாகவே இருந்தன. வீட்டிலுள்ள ஒரே கைபேசி தந்தையோடு கடலுக்குச் சென்றால் பிள்ளையின் வகுப்பும் கடலுக்குச் சென்றது. 2022 இலே ரூபாவின் பெறுமதி வீழ்ந்து, நாளுக்குப் பல மணிநேர மின்வெட்டு வந்து, தொலைத்தொடர்புக் கட்டணங்களும் உயர்ந்தன. பெறுமதிசேர் வரி 2024 சனவரியிலிருந்து 18 வீதமாயிற்று. நாட்டின் மின்சாரத்தை ஆக்கித்தரும் கரையிலே இருளும், நாட்டின் இணைப்புகளுக்குக் காசனுப்பியவர்களின் வீட்டிலே மீளேற்றம் செய்யப் பணமின்மையும் ஒருங்கு நிகழ்ந்தன.

7

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், அகலப்பட்டை இணையம் புத்தளக் கரையின் தொடர்பாடல் வரலாற்றிலே ஒருவகையில் தொடர்ச்சியாகவும் மற்றொருவகையில் முறிவாகவும் அமைகின்றது எனலாம். வழியின் உடைமையும் வருவாயின் திசையும் கால்வாய்க் காலத்தை ஒத்தவை. அவ்வகையில் அது தொடர்ச்சி. ஆயின் கால்வாயும் தந்தியும் வானொலி அஞ்சலும் இக்கரையோரைப் பேசுவோராக ஆக்கியதில்லை. இணையம் ஆக்கியுள்ளது. ஒல்லாந்தர் கால்வாய்த் தோணிக்காரன் தான் சுமந்த ஓலையைப் படித்தறியான். அவன் வழித்தோன்றல் தன் கைபேசியிலே தானே எழுதுகின்றான். இது முறிவு, மதிப்பிடற்கரிய முறிவு. முற்போக்காளர் பற்றிக்கொள்ளவேண்டியது இம்முறிவையே.

பற்றிக்கொள்வதென்பது மூன்று கடமைகளைக் குறிக்கும். முதலாவது, கல்விக்கும் மருத்துவத்துக்கும் உரிய இணைப்பை வீதியையும் குடிநீரையும் போன்று பொது உரிமையாகக் கோருதல். தீவிலுள்ள பாடசாலைக்கு இணைப்புச் செல்லவேண்டுமா என்பதைக் கம்பனியின் வருவாய்க் கணக்குத் தீர்மானிக்கலாகாது. டெலிகொம் நிறுவனத்தின் ஏறத்தாழ அரைப்பங்கு இன்னும் அரசின் கையிலேயே உள்ளது. அப்பங்கு மக்களுக்கு எவ்வாறு பயன்படுகின்றது எனக் கேட்கும் உரிமை எமக்குண்டு. இரண்டாவது, மீனவர் கூட்டுறவுகளையும் கடன் சங்கங்களையும் வலுப்படுத்துதல். அவையின்றி விலைச் செய்தி வெறும் செய்தியாகவே நின்றுவிடும். மூன்றாவது எம்போன்ற தமிழ் ஆய்வாளரையே நேரடியாகச் சாரும். கரையின் மூன்று மொழிகளுக்கும் இடையே மொழிபெயர்ப்பும் கல்வியும் வளர உழைத்தல் அது. காசிச்செட்டி தம் மக்களைப் பற்றிய அறிவை ஆட்சியாளர் மொழிக்குக் கொண்டுசென்றார். அவர் பிறந்த கரைக்கு இன்று வேண்டுவது, அயலவன் எழுதிய ஒரு வரியை அயலவன் பிழையின்றிப் படிக்கும் வகை. சிலாபத்துக் கடைத்தெருவிலே அவ்வகை இல்லாதிருந்தமைக்குக் கொடுத்த விலையை நாம் கண்டுவிட்டோம்.